வீட்டில் வேல் வைத்துக் கும்பிடலாமா?

கேள்வி: பழனிக்குப் போய்வந்த உறவினர் ஒருவர் சின்னச் செம்பு வேல் ஒன்று வாங்கிக் கொடுத்தார். பூஜை அலமாரியில் வைக்கப் போனால், "வேல் ஆயுதம், உக்கிரமானது, வீட்டில் வைத்தால் சண்டை வரும்", "தினமும் அபிஷேகம் செய்யாவிட்டால் தெய்வக் குற்றம்", "பெண்கள் தொடக் கூடாது" என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். வேலுக்கு உண்மையில் என்ன பொருள்? நான் வைத்துக் கும்பிடலாமா? எப்படிக் கும்பிடுவது?

பதில்:

தாராளமாக வைக்கலாம். உங்கள் கையாலேயே வைக்கலாம். அதற்கு யாரையும் கூப்பிட்டு நாள் குறிக்க வேண்டியதில்லை.

இந்தப் பயம் எப்படி வருகிறது என்பது புரிகிறது. காளி கையில் சூலம், கருப்பசாமி கையில் அரிவாள், முருகன் கையில் வேல் என்று எல்லாவற்றையும் ஒரே வரிசையில் வைத்துப் பார்க்கிறோம். ஆயுதம் என்றால் உக்கிரம், உக்கிரம் என்றால் வீட்டுக்கு ஆகாது என்று முடிவும் கட்டிவிடுகிறோம். ஆனால் தமிழர்கள் வேலை வணங்கி வந்த விதத்தைப் பார்த்தால் அது வேறு மாதிரி இருக்கிறது. வேல் நட்ட இடத்தில் முருகன் இருக்கிறான் என்பதுதான் அந்த வழிபாட்டின் அடிப்படை. சிலை இல்லாமல் வேலை மட்டும் வைத்துக் கும்பிட்ட இடங்கள் ஏராளம், இன்றும் இருக்கின்றன. அப்படிக் கும்பிட்டவர்களில் பெரும்பாலோர் மந்திரம் படித்தவர்கள் இல்லை, உங்களையும் என்னையும் போன்றவர்கள்.

சங்க இலக்கியத்திலிருந்து தொடங்குகிறேன். குறிஞ்சி நிலத்துத் தெய்வம் சேயோன் என்கிறது தொல்காப்பியம். அந்த மலைநாட்டில் அவனுக்குப் பூசை செய்தவன் வேலன். கையில் வேலோடு வருவதால்தான் அவனுக்கு அந்தப் பெயர். பெண் ஒருத்தி காதலில் மெலிந்து போவாள். காரணம் தெரியாத தாய், முருகன் பிடித்திருக்கிறான் என்று எண்ணி வேலனைக் கூப்பிடுவாள். அவன் களம் அமைத்து, மாலை சூட்டி, தினையும் ஆட்டுக்குட்டியின் இரத்தமும் படைத்து, நடு இரவில் ஆடுவான். இதுதான் வெறியாட்டு. அகநானூற்றின் 22ஆம் பாடலில் இந்தக் காட்சி முழுசாக இருக்கிறது.

நற்றிணையில் இன்னும் அருமையான ஒரு பாட்டு உண்டு, 34ஆம் பாடல். தலைவியின் நோய்க்குக் காரணம் காதல்தான், முருகன் இல்லை என்பது தோழிக்குத் தெரியும். வேலன் அழைத்தான் என்பதற்காக முருகன் அங்கே வந்து நிற்கிறானாம். அவனைப் பார்த்து அவள் சொல்கிறாள்: "கடவுள் ஆயினும் ஆக, மடவை மன்ற, வாழிய முருகே!" நீ கடவுளாகவே இரு, ஆனாலும் நீ ஒன்றும் அறியாதவன்தான், நன்றாய் இரு முருகா! திட்டிவிட்டு வாழ்த்தவும் செய்கிறாள். முருகனிடம் தமிழ்ப் பெண்களுக்கு இருந்த உரிமை இவ்வளவு. தொட்டால் குற்றம், பேர் சொன்னால் குற்றம் என்று ஒதுங்கி நின்ற உறவு இது இல்லை.

பெண்கள் வேல் பூஜை செய்யலாமா என்பதற்கும் பழைய நூலிலேயே பதில் கிடைக்கிறது. நக்கீரர் பாடிய திருமுருகாற்றுப்படை, பத்துப்பாட்டில் முதலாவது, 317 அடிகள். அதன் கடைசிப் பகுதியான பழமுதிர்சோலையில் ஒரு குறமகள் முருகனை வரவழைக்கிறாள். கோழிக்கொடியை நட்டு, நெய்யோடு வெண்கடுகை அப்பி, செந்நூல் கட்டி, வெள்ளைப் பொரி தூவி, மஞ்சள் நீரும் வாசனையும் தெளித்து, கணவீர மாலைகளைத் தொங்கவிட்டு, புகை காட்டி, குறிஞ்சிப் பண் பாடுகிறாள். கணவீரம் என்பது செவ்வரளி. இன்று செவ்வாய்க்கிழமை பூக்கடையில் நாம் கேட்டு வாங்கும் அதே பூ. மஞ்சள் நீர், செவ்வரளி, சாம்பிராணிப் புகை, பாட்டு: வீட்டில் நாம் செய்வதில் பாதி அவள் செய்ததுதான். பூசை செய்தவள் பெண், மலையில் வாழ்ந்தவள்.

அதே நூலில் ஏரகம் என்ற பகுதியைப் படித்தால் காட்சி அப்படியே மாறுகிறது. ஈர ஆடை உடம்பிலேயே உலர, தலைக்குமேல் கை கூப்பி, ஆறெழுத்து மந்திரத்தை வாய்க்குள் ஓதி, மலர் ஏந்தி நிற்கும் அந்தணர்களைக் காட்டுகிறார் நக்கீரர். குன்றுதோறாடல் என்ற பகுதியில் தேனிலிருந்து விளைந்த கள்ளைக் குடித்துக் குரவைக் கூத்து ஆடும் குறவர்கள். மூன்று வழிபாடும் ஒரே நூலில், ஒன்றை உயர்த்தி இன்னொன்றைத் தாழ்த்தாமல். முருகன் தமிழ்க் கடவுளா, வடக்கிலிருந்து வந்த ஸ்கந்தனா என்று இன்று நடக்கும் சண்டையில் எனக்கு ஈடுபாடு குறைவு. வட இந்தியாவை ஆண்ட குஷாண அரசன் ஹுவிஷ்கனின் காசுகளில் ஸ்கந்தனும் குமாரனும் விசாகனும் இருக்கிறார்கள், உண்மை. இங்கே குறத்தி வள்ளியும் வெறியாட்டு வேலனும் இருக்கிறார்கள், அதுவும் உண்மை. இரண்டு மரபும் இந்த நிலத்தில் வெகுகாலம் முன்பே கலந்துவிட்டன.

உக்கிரம் பற்றிய கேள்விக்கும் நக்கீரரிடமே போகலாம். நூலின் முடிவில், தேடி வந்தவனுக்கு முன் முருகன் தோன்றுகிறான். முதலில் வானைத் தொடும் பெரிய உருவம். உடனே அந்த அச்சம் தரும் கோலத்தை உள்ளடக்கிக்கொண்டு, மணம் கமழும் இளமை வடிவைக் காட்டுகிறான். பிறகு அவன் சொல்லும் முதல் வார்த்தை: "அஞ்சல் ஓம்புமதி, அறிவல் நின் வரவு." பயப்படாதே, நீ வருவாய் என்று எனக்குத் தெரியும். வேல் வைத்தால் என்ன ஆகுமோ என்று யாராவது உங்களிடம் சொன்னால் இந்த வரியை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, வேலை மட்டும் வைத்துக் கும்பிடுவது முறையா? கோயில்களையே பாருங்கள். திருப்பரங்குன்றத்தில் மூலவர் மலைப்பாறையில் குடைந்தெடுத்த திருவுருவம் என்பதால் அவருக்கு அபிஷேகம் கிடையாது. அவர் கையிலுள்ள வேலுக்குத்தான் பாலும் சந்தனமும். புரட்டாசியில் அந்த வேலை மலைமேலுள்ள காசி விஸ்வநாதர் கோயிலுக்கு எடுத்துச் சென்று சுனை நீரில் நீராட்டுவார்கள். சிலப்பதிகாரத்தில் பூம்புகாரின் கோயில்களைப் பட்டியலிடும் இடத்தில் 'வேற்கோட்டம்' என்றே ஒரு கோயில் வருகிறது. மாமல்லபுரத்தை அடுத்த சாளுவன்குப்பத்தில், 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு தெரியவந்த கல்வெட்டுகளைப் பிடித்துக்கொண்டு தொல்லியல் துறை தோண்டியபோது, மணலுக்கடியில் ஒரு முருகன் கோயில் கிடைத்தது. மேலே பல்லவர் காலக் கட்டுமானம், அதற்குக் கீழே அதைவிடப் பழைய செங்கல் கோயில். முன்னால் கல்லில் செய்த வேல். கடற்கரையில் அந்த வேலைப் பார்க்க முடிந்தால் ஒருமுறை போய்ப் பாருங்கள். கோபுரம், கூட்டம் எதுவும் இல்லாத அந்த இடத்தில் நிற்கும்போது மனம் நிறைந்துவிடும்.

இலங்கைக்குப் போனால் இது இன்னும் தெளிவாகும். யாழ்ப்பாணம் நல்லூர்க் கந்தசாமி கோயிலின் கருவறையில் இருப்பது வேல்தான். போர்த்துகீசியர் 17ஆம் நூற்றாண்டில் பழைய கோயிலை இடித்தார்கள். 18ஆம் நூற்றாண்டில் கோயில் மறுபடி எழுந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் இந்தக் கோயில் ஆகம விதிப்படி நடக்கவில்லை என்று கடுமையாக வாதாடினார். நாவலர் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆகமம் என்ற அளவுகோலை எடுத்தால் அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது. ஆனாலும் மக்கள் அந்த வேலை விடவில்லை. இன்று ஆடி, ஆவணியில் 25 நாள் திருவிழாவில் லட்சக்கணக்கானோர் வணங்குவது அந்த வேலைத்தான்.

தொண்டைமானாறு செல்வச் சந்நிதி முருகன் கோயிலில் பூசை செய்பவர்கள் கடலோர மீனவர் வழிவந்த கப்பூகர்கள். வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, மந்திரம் சொல்லாமல் மௌனமாகப் பூசை நடக்கும். மட்டக்களப்புப் பக்கம் மண்டூரிலும் இதே வாய்கட்டிப் பூசைதான். இரண்டு கோயில்களும் தங்கள் முறையைத் தென்னிலங்கைக் கதிர்காமத்தோடு சேர்த்துச் சொல்பவை. கதிர்காமத்திலோ திரைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அடியார் பார்ப்பதே இல்லை. திரைக்கு முன் நின்று கும்பிட்டுவிட்டு, வடக்கிலிருந்து வாரக்கணக்கில் நடந்து வந்த களைப்பையும் அங்கேயே விட்டுவிட்டுத் திரும்புகிறார்கள்.

கடல் கடந்து போனவர்களும் முதலில் வேலைத்தான் நட்டார்கள். சிங்கப்பூர் டேங்க் ரோட்டில் நகரத்தார் 1859இல் தண்டாயுதபாணி கோயில் கட்டினார்கள். அதற்கு முன்னால் குளக்கரை அரசமரத்தடியில் வேல் வைத்துத்தான் வழிபாடு நடந்தது. மலேசியாவில் பத்து மலைக் குகையின் வாய் வேல் வடிவில் இருப்பதைக் கண்டு தம்புசாமி பிள்ளை அங்கே 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் முருகனை எழுந்தருளச் செய்தார். இன்று அங்கே 272 படிகளும், 2006இல் எழுந்த 140 அடிச் சிலையும் எல்லாருக்கும் தெரியும். ரப்பர் தோட்டத்துக்குக் கூலிகளாகப் போனவர்களிடம் ஸ்தபதியும் இல்லை, சிவாச்சாரியாரும் இல்லை. ஒரு வேலும் அதற்கு ஒரு மரத்தடியும் அவர்களுக்குப் போதுமாக இருந்தன.

இனி வேலின் பொருள். சூரபத்மன் கதை தெரிந்திருக்கும். கடைசிப் போரில் அவன் கடல் நடுவே மாமரமாக நிற்கிறான், வேல் அதை இரண்டாகப் பிளக்கிறது. இந்த மாமரம் கந்தபுராணத்தில்தான் வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். "மாமுதல் தடிந்த மறுஇல் கொற்றத்து" என்று திருமுருகாற்றுப்படையிலேயே இருக்கிறது. காஞ்சி குமரகோட்டத்துக் கச்சியப்ப சிவாசாரியார் கந்தபுராணத்தில் இதை விரித்துப் பாடினார். பிளந்த இரண்டு பாதியும் சேவலாகவும் மயிலாகவும் எதிர்த்து வருகின்றன. முருகன் அருளோடு பார்க்கிறான், பகை போய்விடுகிறது. சேவல் கொடியாகிறது, மயில் வாகனமாகிறது. அசுரனை ஒழித்துக்கட்டிவிட்டுப் போகும் கதைகள் நம் புராணங்களில் நிறைய. எதிரியைத் தன் தலைக்குமேல் கொடியாக உயர்த்தி, தன்னைச் சுமக்கும் பேற்றையும் அவனுக்கே கொடுத்தது இந்த வேல். இதைப் போய் வீட்டில் சண்டை மூட்டும் என்று சொல்வது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

கந்தபுராணத்தில் வேலைத் தருபவர் சிவபெருமான். மக்கள் வழக்கில் அம்மை தருகிறாள். நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் சிக்கலில் வேல்நெடுங்கண்ணி அம்மனிடம் சிங்காரவேலர் வேல் வாங்கும் நாளில், அவர் திருமேனியில் வியர்வை அரும்புவதைப் பார்க்கக் கூட்டம் நிற்கும். "சிக்கலில் வேல் வாங்கிச் செந்தூரில் சம்காரம்" என்பது வழக்கு. தாய் கொடுத்த சக்தி என்பதால் வேலையே அம்பிகையாக எண்ணி மஞ்சள் குங்குமம் இடும் வீடுகளும் உண்டு.

சைவப் பெரியவர்கள் இன்னொரு பொருளும் சொல்வார்கள்: வேல் என்பது ஞானம். வேலின் இலை நடுவில் அகன்று, நுனியில் கூர்ந்து, கீழே நீண்ட தண்டோடு இருக்கிறது. அறிவும் அப்படி ஆழமாய், அகலமாய், கூர்மையாய் இருக்க வேண்டும் என்பது விளக்கம். "ஆழ்ந்து அகன்ற நுண்ணியனே" என்று மாணிக்கவாசகர் சிவனைப் பாடிய சொற்களோடு இது பொருந்திப் போகிறது. அந்த மாமரத்தை அகங்காரம் என்று எடுத்துக்கொண்டால், அதைப் பிளப்பது அறிவு. பிளந்த பிறகு மிஞ்சுவது பணிவு.

ஆனால் ஞானம் என்ற விளக்கத்தோடு நிறுத்திவிட எனக்கு மனமில்லை. சாதாரண மனிதருக்கு வேல் முதலில் துணை. 15ஆம் நூற்றாண்டில் திருவண்ணாமலையில் வாழ்ந்த அருணகிரிநாதர் கந்தர் அலங்காரத்தில், "பயந்த தனி வழிக்குத் துணை வடிவேலும் செங்கோடன் மயூரமுமே" என்கிறார். பயந்துகொண்டு தனியே போகும் வழியில் கூட வருவது வேலும் மயிலும். 'வேலும் மயிலும் துணை' என்று கடிதத் தலைப்பிலும் கணக்கு நோட்டின் முதல் பக்கத்திலும் லாரியின் நெற்றியிலும் எழுதும் வழக்கம் இந்த நம்பிக்கையில் நிற்கிறது. ஆஸ்பத்திரி வாசலிலும், பிள்ளை பரீட்சைக்குப் போகும்போதும் வாயில் வருவது "வேலவா" என்ற ஒற்றைச் சொல்தானே.

இப்போது வீட்டு வழிபாட்டுக்கு வருகிறேன். செம்பு, வெள்ளி, பித்தளை, பஞ்சலோகம் எதுவானாலும் சரி. உள்ளங்கை அளவு வேல் வீட்டுக்கு வசதி. நுனி மேலே பார்க்க நிமிர்ந்து நிற்க வேண்டும். பீடம் இல்லாவிட்டால் சின்னக் கிண்ணத்தில் பச்சரிசி நிரப்பி அதில் நட்டுவிடுங்கள், அரிசியை அவ்வப்போது மாற்றிவிட்டுப் பழையதைச் சமைத்துக்கொள்ளலாம். வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் எட்டாத உயரத்தில் வையுங்கள், செம்பு வேலின் நுனிகூடக் குத்தும். கிழக்கு அல்லது வடக்கு பார்த்து வைப்பது வழக்கம். உங்கள் அலமாரி வேறு திசையில் இருந்தால் அதற்காகச் சுவரை இடிக்க வேண்டாம்.

தினமும் செய்ய வேண்டியது ஒரு விளக்கு, ஒரு பூ, கொஞ்சம் திருநீறு. அபிஷேகம் தினமும் கட்டாயம் என்பது கோயிலில் பிரதிஷ்டை செய்த மூர்த்திக்குச் சொன்னது. வீட்டில் செவ்வாய், கார்த்திகை நட்சத்திரம், சஷ்டி இவற்றில் எது உங்களுக்கு ஒத்துவருகிறதோ அன்று செய்தால் போதும். தண்ணீர், பால், சந்தனம், திருநீறு என்று செய்து கடைசியில் நல்ல தண்ணீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிடுங்கள். இதில் அலட்சியம் வேண்டாம். பால் பிசுக்கு ஒட்டியிருந்தால் செம்பு பச்சை பூத்துவிடும். புளி போட்டுத் தேய்த்தால் செம்பு பளிச்சென்று ஆகும், வெள்ளிக்குத் திருநீறு போதும். நைவேத்தியத்துக்கு வாழைப்பழம், தேன் கலந்த தினைமாவு, ஒரு தம்ளர் பால் எதுவும் போதும். அறுகோணக் கோலம் போட்டு ஆறு முனையிலும் விளக்கு வைப்பது விசேஷ நாளில் அழகாக இருக்கும்.

வீட்டில் அசைவம் சமைப்போமே என்று கேட்பவர்கள் நிறையப் பேர். பூசை செய்யும் நாளில் தவிர்ப்பது இன்றைய வழக்கம், அதை அப்படியே கடைப்பிடியுங்கள். மற்ற நாட்களில் சமைத்ததற்காக வேலை எடுத்து உள்ளே பூட்டி வைக்க வேண்டியதில்லை. ஆட்டுக்குட்டியின் இரத்தம் கலந்த தினையை வேலன் படைத்தது இதே முருகனுக்குத்தான். வீட்டு விலக்கு நாட்களில் என்ன செய்வது என்பது அந்தந்தக் குடும்பத்து வழக்கம். வேலுக்கென்று தனியாகக் கடுமையான சட்டம் எதுவும் இல்லை.

பாடுவதற்கு, கந்த சஷ்டி கவசம் எல்லாருக்கும் தெரிந்தது. தேவராய சுவாமிகள் பாடியது. வேலை வைத்து வழிபடுபவர்களுக்கு வேல் மாறல் இன்னும் நெருக்கமானது. அருணகிரிநாதரின் வேல் வகுப்பிலுள்ள 16 அடிகளை முன்னும் பின்னுமாக மாற்றிக் கோத்து, 64 அடிகளாக வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொகுத்துத் தந்தது. "திருத்தணியில் உதித்தருளும் ஒருத்தன்மலை விருத்தன் எனதுளத்தில் உறை கருத்தன்மயில் நடத்துகுகன் வேலே" என்ற அடி திரும்பத் திரும்ப வரும்போது சந்தமே நம்மைத் தூக்கிக்கொண்டு போகும். முதலில் நாக்கு இடறும், அதனால் ஒன்றும் குறையில்லை, மெதுவாகப் படியுங்கள். 48 நாள் விடாமல் படிப்பதாகப் பலர் நேர்ந்துகொள்கிறார்கள். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் அடுத்த நாள் தொடருங்கள். எல்லாம் வீணாகிவிட்டது என்று பயமுறுத்துபவர்களை நம்ப வேண்டாம். இவ்வளவும் முடியாதவர்களுக்கு 'சரவணபவ' என்ற ஆறெழுத்து இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். உரு ஏற்றிய வேல், தோஷம் நீக்கும் வேல், எதிரியை அழிக்கும் வேல் என்று பெரிய விலை சொல்லி விற்பது இப்போது அதிகமாகிவிட்டது. மலையடிவாரக் கடையில் வாங்கியதற்கும் அதற்கும் வேறுபாடு இல்லை. எதிரியை அழிக்கக் கேட்பதே இந்த வேலின் கதைக்குப் பொருந்தாது. பரிபாடலின் 5ஆம் பாடலில் கடுவன் இளவெயினனார் முருகனிடம் என்ன கேட்டார் தெரியுமா? "யாம் இரப்பவை பொருளும் பொன்னும் போகமும் அல்ல, நின்பால் அருளும் அன்பும் அறனும் மூன்றும்." வீட்டுக் கடன் தீர வேண்டும், பெண்ணுக்கு வரன் அமைய வேண்டும் என்று கேட்பதிலும் தவறில்லை, நாம் கேட்காமல் வேறு யார் கேட்பது? அதோடு இந்த மூன்றையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாள் பார்ப்பது பற்றிக் கடைசியாக. தைப்பூசம், அம்பிகை வேல் தந்த நாளாகப் பழனியில் கொண்டாடப்படுவது, வேல் வைக்க மிகவும் விசேஷம். ஐப்பசியில் கந்த சஷ்டி ஆறு நாளும் அப்படித்தான். ஆனால் அதுவரை அந்த வேலைக் காகிதத்தில் சுற்றி வைத்திருக்க வேண்டாம். கந்தர் அலங்காரத்திலேயே "நாள் என் செயும்" என்று கேட்டுவிட்டார் அருணகிரியார். இன்று சாயங்காலம் விளக்கேற்றும்போது வேலைக் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பிள்ளையாருக்குப் பக்கத்தில் நிறுத்திவிடுங்கள். வாங்கிக் கொடுத்த உறவினருக்கும் ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள், சந்தோஷப்படுவார்.